‘வெளிப்படை’ போதும், ‘தன்மை’ எதற்கு?

‘வெளிப்படைத்தன்மை’ என்ற சொல் ‘வெளி’யில் தொடங்குகிறது. நிலாவெளி, குச்சவெளி என்று ஊர்ப்பெயர் சொல்லிப் பழகிய திருகோணமலைக்காரருக்கு ‘வெளி’யை விளக்கத் தேவையில்லை. தடுப்பின்றிப் பரந்து கிடக்கும் இடம் அது. வயல்வெளியில் இருப்பதும் அதுவே. ‘கண்ணில் படுகிறது’ என்கிறோமே, அந்தப் ‘படு’ இதனோடு சேர்ந்தால் வெளிப்படு. கொடு ‘கொடை’ ஆவதுபோல, விடு ‘விடை’ ஆவதுபோல, வெளிப்படு ‘வெளிப்படை’ ஆகிறது.

‘ட்ரான்ஸ்பரன்சி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இன்று ‘வெளிப்படைத்தன்மை’ வழங்குகிறது. அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கு ‘ஊடாகத் தெரிதல்’ என்று பொருள். அது கண்ணாடியின் குணம். எட்டிப் பார்க்கும் வேலை பார்ப்பவருக்கு. நம் சொல்லிலோ விஷயமே வெளியே வந்து நிற்கிறது. எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது.

இலக்கணத்திலும் அதற்கு இடமுண்டு. குறிப்பால் பொருள் தரும் சொற்களை வரிசைப்படுத்தும் நன்னூல், அவை அல்லாதவற்றை ‘வெளிப்படை’ என்கிறது. யூடியூபிலும் டிக்டொக்கிலும் விவசாயம் சொல்வோரை எடைபோட இந்தப் பிரிவினையே போதும். கதிர் முற்றிய வயலின் நடுவே, கையில் ஒரு போத்தலுடன் நின்று ‘விளைச்சலைப் பாருங்கள்’ என்றால் அது குறிப்பு. போத்தலைத் தந்தது யார், காசு வாங்கினாரா, ஏக்கருக்கு எத்தனை மூடை, உழவுக்கும் பசளைக்கும் வெட்டு மெஷினுக்கும் போனது எவ்வளவு என்பதையும் சொன்னால் வெளிப்படை. தம்பலகாமத்தில் வயல் செய்யும் என் மாமா அப்படியொரு காணொளியைப் பார்த்துவிட்டு, “மருமகன், வேளாண்மையைக் காட்டுகிறார், கணக்கைக் காட்டவில்லையே” என்றார். (எங்கள் பக்கத்தில் வேளாண்மை என்றால் தொழில் மட்டுமல்ல, வயலில் நிற்கும் நெல்லும்தான்.) 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை இலங்கை அரசு தடைசெய்த நாளிலிருந்து, எவர் எந்தப் பசளையைப் புகழ்ந்தாலும் மாமா இரண்டு தடவை விசாரிப்பார்.

பணமோ பொருளோ பெற்றுப் புகழ்ந்தால் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று இந்திய நுகர்வோர் துறை 2023இல் வழிகாட்டி வெளியிட்டது. நல்லது. ஆனால் கருகிய நாற்றையும் நட்டக் கணக்கையும் காட்டச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

‘வெளிப்படைத்தன்மை’க்கு மாற்றாக வேறு சொற்களும் உண்டு. ‘திறந்தநிலை’ மென்பொருளுக்குப் பொருந்தும், வயலுக்குப் பொருந்தாது. ‘ஒளிவுமறைவின்மை’ துல்லியமானது, ஆனால் வாய் நிறைய வருகிறது. அதோடு, எது இல்லை என்று சொல்லித்தான் பொருளை உணர்த்துகிறது. ஆகவே என் தேர்வு, ‘தன்மை’ என்ற வாலை நறுக்கிய ‘வெளிப்படை’. மாமாவுக்கு அதுவும் வேண்டாம். “ஒளிக்காமல் சொல்” என்றுதான் கேட்பார்.