கேரிகேச்சர்: முகத்தில் ஏற்றிய சுமை

கேரிகேச்சர் என்றதும் நமக்குப் பெரிய மூக்குதான் ஞாபகம் வரும். தப்பில்லை, சொல்லுக்குள்ளேயே அந்தப் பாரம் இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'கரிகாரே' என்றால் சுமை ஏற்றுவது. அதற்கும் மூலம் வண்டியைக் குறிக்கும் 'கர்ருஸ்' என்ற லத்தீன் சொல். நாம் ஓட்டுகிற காரும் அதன் வழி வந்ததுதான். மூக்கிலோ தாடையிலோ அளவுக்கு மேல் சுமையை ஏற்றி வரைந்தால் அது 'கரிகாதுரா'.

இந்தப் பெயர் தன் படங்களின்மேல் விழுவதை வெறுத்தவர் லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த். 1733இல் 'சிரிக்கும் பார்வையாளர்கள்' என்றொரு படம் செய்தார். மெழுகுப் பூச்சிட்ட செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறலை அமிலத்தால் அரிக்கவிட்டு அச்சிடும் முறை. அதில் நாடக மேடையே கிடையாது. முன்னால் மூன்று வாத்தியக்காரர்கள், பின்னால் மலிவு இருக்கைக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நடுவில் ஒரே ஒருவர் மட்டும் உம்மென்று இருக்கிறார் (விமர்சகராம்!). மேலே மாடத்துச் சீமான்களோ நாடகத்தைப் பார்ப்பதே இல்லை. அவர்களில் ஒருவர் ஆரஞ்சு விற்கும் பெண்ணிடம் வழிந்துகொண்டிருக்கிறார். தன் அடுத்த படங்களுக்கு முன்பணம் கட்டியவர்களுக்கான ரசீதாக இதைத் தந்தார் ஹோகார்த்.

இங்கே யார் மூக்கும் வீங்கவில்லை. கேலி உருவத்தில் இல்லை, நடத்தையில் இருக்கிறது. 1743இல் இதை விளக்கவே இன்னொரு படம் போட்டார். மேலே நெரிசலாக நூறு முகங்கள், கீழே ஒப்பிட்டுப் பார்க்க இத்தாலியக் கரிகாதுராக்கள் சில.

சரி, தமிழில்? 'கேலிச்சித்திரம்' என்று கார்ட்டூன், கேரிகேச்சர் இரண்டுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். கார்ட்டூனுக்குக் 'கருத்துப்படம்' ஏற்கெனவே இருக்கிறது. கேரிகேச்சருக்கு 'மிகைச்சித்திரம்' பொருந்தும் என்பது என் கட்சி. 'ஒன்றுக்கு ரெண்டா ஏத்திச் சொல்றான்' என்று நாமும் சுமைக் கணக்கில்தானே பேசுகிறோம்? ஹோகார்த் படத்துக்கு அது ஆகாது. நகைச்சுவை பிறக்கும் இடங்களில் தொல்காப்பியம் முதலில் வைப்பது எள்ளல். அவருடையது எள்ளல் சித்திரம்.