நூலக அட்டையைக் காட்டி ரெட்வுட் காட்டுக்குள் போகலாம்

கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் மலைப்பகுதியில், ஃபெல்டன் ஊரை ஒட்டி இருக்கிறது, வானுயர வளரும் ரெட்வுட் மரங்கள் நிறைந்த ஹென்றி கோவெல் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா. காரில் போனால் வண்டிக்கு ஒரு நாளைக்கு 10 டாலர் கட்டணம். மாதம் இரண்டு முறை பிள்ளைகளை அழைத்துப் போக நினைக்கும் குடும்பத்துக்கு அது சுமைதான். அந்தப் பணத்தைக் கட்டாமலே உள்ளே போக அரசே வழி செய்து வைத்திருக்கிறது. தெரியாததால் பலர் பயன்படுத்துவதில்லை.

முதல் வழி நூலகம். மாநிலப் பூங்காத் துறையும் மாநில நூலகமும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில், உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோலவே பூங்கா பாஸையும் இரவல் வாங்கலாம். வருமானச் சான்று எதுவும் வேண்டாம், நூலக அட்டை போதும். ஒன்பது பேர் வரை ஏறக்கூடிய ஒரு வண்டிக்கு அந்த பாஸ் செல்லும். 200-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தே திட்டம் நீடிக்கிறது என்பதால், கிளம்புமுன் நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி 'கோல்டன் பேர் பாஸ்'. கால்வொர்க்ஸ் (ஏழைக் குடும்பங்களுக்கான மாநில அரசு உதவி) அல்லது எஸ்.எஸ்.ஐ. (வருமானம் குறைந்த முதியோருக்கும் உடல் குறைபாடு உள்ளவர்களுக்குமான மத்திய அரசு உதவி) பெறுபவர்களுக்கும், வருமானம் குறைந்த, 62 வயது நிரம்பியவர்களுக்கும் இது உண்டு. நிரந்தர உடல் குறைபாடு உள்ளவர்கள் 3.50 டாலர் ஒரு தடவை கட்டினால் ஆயுள் முழுவதும் பாதிக் கட்டணம்தான். கூடாரம் அடிக்கும் கட்டணத்திலும் அந்தச் சலுகை சேரும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். நூலக பாஸும் கோல்டன் பேர் பாஸும் பகலில் வண்டியோடு உள்ளே போவதற்கு மட்டும். இரவு தங்க அவை உதவாது. பூங்கா நிரம்பிவிட்டால் பாஸ் கையில் இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். விடுமுறை நாளில் காலையிலேயே போய்ச் சேருங்கள்.

உள்ளே போனதும் முதலில் நடக்க வேண்டியது ரெட்வுட் தோப்புச் சுற்றுப்பாதை. 0.8 மைல், சமதளம். சக்கர நாற்காலியில் வரும் தாத்தா பாட்டியும் சுற்றி வரலாம். மிக உயரமான மரம் ஏறக்குறைய 277 அடி.

இந்தத் தோப்பு ஒருகாலத்தில் தனியார் சொத்து. 1867-இல் ஜோசப் வெல்ச் என்பவர் வாங்கியதால்தான் கோடரிக்குத் தப்பியது. ஆனால் 1900 வாக்கில் சான் ஹோசே புகைப்படக்காரர் ஆண்ட்ரூ ஹில் இங்கே படம் எடுத்தபோது, எடுத்த படங்களை ஒப்படைக்கச் சொன்னார் உரிமையாளர். இந்த மரங்கள் மக்கள் சொத்தாக வேண்டும் என்ற உறுதியோடு திரும்பினார் ஹில். 1900-இல் ரெட்வுட் காடுகளைக் காக்கும் செம்பர்வைரன்ஸ் கிளப் பிறந்தது. அதன் முயற்சியால் 1902-இல் அருகிலுள்ள பிக் பேசின் காடு அரசின் கைக்கு வந்தது. வெல்ச் தோப்பை 1930-இல் சாண்டா குரூஸ் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) வாங்கியது. 1954-இல் சாமுவேல் கோவெல், தன் தந்தை ஹென்றியின் பெயர் விளங்க 1,600 ஏக்கர் நிலத்தைக் கொடுக்க, இரண்டும் சேர்ந்து மாநிலப் பூங்காவானது. இன்று யாரும் தடையில்லாமல் அங்கே குடும்பப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கூடாரம் அடித்துத் தங்க 'ரிசர்வ் கலிஃபோர்னியா' இணையதளத்தில் ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும், காலை 8 மணிக்கு. கோடை வார இறுதிகள் நிமிடங்களில் தீர்ந்துவிடும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு வாசல் வேறு: தோப்புக்கு நெடுஞ்சாலை 9 வழி, முகாமுக்கு கிரஹாம் ஹில் சாலை வழி. காட்டில் கிடக்கும் சுள்ளியைக்கூட விறகுக்குப் பொறுக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. தோப்புப் பாதையில் நாய்க்கு அனுமதியில்லை.

நேரம் இருந்தால் இதே பூங்காவைச் சேர்ந்த ஃபால் கிரீக் பகுதிக்கும் போங்கள். பழைய சுண்ணாம்புக் காளவாய்கள் பாசி படர்ந்து நிற்கின்றன. கோவெல் குடும்பத்தின் செல்வம் சுண்ணாம்பில் வந்தது. அந்தக் காளவாய்களுக்கு விறகானவை இதே ரெட்வுட் மரங்கள். அங்கேயும் நாயை அழைத்துப் போக முடியாது.