டைட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைக் காட்டுங்கள்

ஜனவரியில் சென்னை மராத்தான் முடிந்த மறுநாள் என் கிளினிக் வாசலில் ஒரு ஷூகூட இருக்காது. எல்லாம் ரப்பர் செருப்பு. வருபவர்கள் படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுவார்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அவர்களில் பாதிப் பேர் காலில், சதையை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு கம்ப்ரெஷன் டைட்ஸ் இருக்கும். பிசியோதெரபிஸ்டாக நான் முதலில் சொல்வது, "அதைக் கழற்றிட்டு வாங்க."

இந்த வழக்கம் எனக்கு வந்ததற்கு ஒருவர் காரணம். நாற்பதை நெருங்கும் ஐடி ஊழியர், முதல் ஃபுல் மராத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஓஎம்ஆரில் வாரக்கடைசி நீண்ட ஓட்டம் 30 கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் மூன்று வாரமாக வலி. கெண்டைக்காலுக்கு மட்டும் மாட்டும் கம்ப்ரெஷன் ஸ்லீவ் போட்டதும் வலி பாதியாகக் குறைந்ததாம். "போட்டா தெரியல மேடம், அதான் ஓடினேன்" என்றார். அந்த ஸ்லீவை உரித்தெடுக்கவே இரண்டு நிமிடம் ஆனது. தோலில் தையல் கோடு அச்சாகப் பதிந்திருந்தது. எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக விரல் நுனியால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுகூட இருக்காது, மனிதர் படுக்கையிலிருந்து எழுந்தே விட்டார்.

விளிம்பு முழுக்கப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுக்களின் எரிச்சல். ஒரே புள்ளியில் இப்படிக் குத்தினால் எலும்பில் விரிசல் விழுந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். எம்ஆர்ஐ அதைத்தான் காட்டியது. அந்த ஜனவரி அவருக்கு இல்லை என்று ஆனது. ஸ்லீவ் எலும்பை உடைக்கவில்லை, சரிதான். ஆனால் நிறுத்து என்று கால் சொன்னதை மூன்று வாரம் அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டது அதுதான்.

இந்த உடுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். கான்ராட் ஜோப்ஸ்ட் என்று ஒரு எஞ்சினியர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். காலில் சிரைக் கோளாறால் ஆறாத புண்ணோடு அவதிப்பட்டார். நீச்சல் குளத்தில் நின்றால் மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீர் ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும்; அதாவது கணுக்காலில் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. அதே படிநிலையைத் துணியில் கொண்டுவந்தார். இன்று வெரிகோஸ் உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதித்தரும் காலுறை அந்த வழியில் வந்ததுதான். ஆக இது நோயாளிக்காகப் பிறந்த சாமான். ஓட்டக்காரர்கள் பின்னால்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கெண்டைக்கால் தசையை இரண்டாவது இதயம் என்பார்கள். அது சுருங்கும்போதெல்லாம் சிரைகளில் தேங்கிய ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளும். ஓடிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பம்ப் முழு வேகத்தில் ஓடுகிறது. வெளியிலிருந்து துணி அழுத்திப் பெரிதாக உதவ அங்கே வேலையில்லை. ஓடி முடித்து உட்கார்ந்ததும் பம்ப் நின்றுவிடும். துணிக்கு வேலை அப்போதுதான்.

"ஆனா ஓடும்போது சதை குலுங்காம இருக்கே மேடம்?" என்று கேட்பார்கள். உண்மைதான், குலுங்கல் குறைகிறது. 2017இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அஜித் சவுதரி குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். அனுபவமுள்ள 17 ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஒருநாள் டைட்ஸோடும் இன்னொரு நாள் இல்லாமலும் 30 நிமிடம் ஓடவிட்டார்கள். தசை அதிர்வு குறைந்தது, களைப்பு குறையவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கி என்பதைச் சேர்த்துப் படித்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை கூடுகிறது. விற்பவர் காசிலேயே வந்த முடிவு.

ஓட்டத்துக்குப் பிந்தைய கதை வேறு. ஆஸ்திரேலியாவில் மராத்தான் ஓடிய 33 பேரில் ஒரு பாதிக்கு முழங்கால் வரையிலான கம்ப்ரெஷன் சாக்ஸும், மறு பாதிக்கு அதேபோல் தோன்றும் அழுத்தமில்லாத சாக்ஸும் கொடுத்து 48 மணி நேரம் போட்டிருக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து டிரெட்மில்லில் முடியாத மட்டும் ஓடவைத்தபோது, முதல் குழு மராத்தானுக்கு முந்தைய தங்கள் நேரத்தைவிட 2.6 சதவீதம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. மற்றவர்கள் 3.4 சதவீதம் குறைந்தார்கள். சிறிய ஆய்வு, இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஓடிய மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாள் படுத்தும் அந்தத் தசைவலி போட்டால் கொஞ்சம் குறைகிறது என்று என்னிடம் வருபவர்களும் சொல்கிறார்கள். அதில் எவ்வளவு துணி, எவ்வளவு மனசு என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. வலி குறைந்தால் நல்லதுதானே.

என் யோசனை இதுதான். ஓடும்போது வேண்டுமானால் போடுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள். வேகம் கூடும் என்று நம்பி மூவாயிரம், நாலாயிரம் செலவு செய்யாதீர்கள். ஓடி முடித்துக் குளித்து, காலை நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு சில மணி நேரம் போடுங்கள். படுக்கும்போது கழற்றிவிடலாம், படுத்த நிலையில் ரத்தம் செங்குத்தாக ஏற வேண்டியதில்லை. நல்ல தூக்கமும் வயிறாரச் சாப்பாடும் செய்வதில் கால்வாசிகூட இந்த டைட்ஸ் செய்யாது.

அளவு விஷயத்தில்தான் ரொம்பப் பேர் கோட்டை விடுகிறார்கள். பேண்ட் அளவு 34, அதனால் டைட்ஸ் எல் என்று வாங்குவது தப்பு. காலையில் எழுந்ததும், கால் வீங்கும் முன், டெய்லர் டேப்பை எடுத்து இரண்டு சுற்றளவு பாருங்கள். கணுக்கால் மொழிக்குச் சற்று மேலே மிக ஒல்லியான இடம் ஒன்று, கெண்டைக்கால் மிகத் தடித்த இடம் இன்னொன்று. முழுநீள டைட்ஸ் என்றால் தொடையும். ஒரே அளவு இழுபட்ட துணி ஒல்லிக்காலில் அதிகமாகவும் தடித்த காலில் குறைவாகவும் அழுத்தும் என்பதால் சென்டிமீட்டர் கணக்கு முக்கியம். பிறகு பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ரத்த அழுத்தம் 120/80 என்கிறோமே, அதே மில்லிமீட்டர் பாதரச அலகில் 15–20, 20–30 என்று போட்டிருக்க வேண்டும். எண்ணே இல்லையென்றால் அது இறுக்கமான பேண்ட், அவ்வளவுதான். ஓட்டக்காரருக்கு 15–20 தாராளம். 30க்கு மேல் டாக்டர் எழுதித்தராமல் வேண்டாம்.

விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு மாதிரி நிற்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ரத்தம் ஏறுவதற்குப் பதில் தேங்கும். பாதம் மரத்தாலோ விரல் வெளுத்தாலோ உடனே கழற்றுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும், காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்களும், இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

நம்ம ஊர் வியர்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் விடிகாலை ஐந்து மணிக்கே சட்டை பிழியும்படி இருக்கும். அந்த ஈரத்தில் ஒட்டிய துணியோடு ஓடி, அதே டைட்ஸோடு குழுவாக இட்லி, பொங்கல், ஃபில்டர் காபி என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை வராமல் என்ன செய்யும்? வந்த பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளர்க்கும். தோல் டாக்டரிடம் போங்கள். டைட்ஸைக் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். கம்ஃபர்ட் வகை திரவமும் கொதிக்கும் மொட்டை மாடி வெயிலும் துணி இழுபட்டு மீளும் தன்மையைக் கெடுத்துவிடும்.

கடைசியாக, எனக்கு இன்னும் பயம் தரும் ஒன்று. வெளியூரில் ஓடிவிட்டு அன்றிரவே பேருந்தில் ஏழு மணி நேரம் மடக்கிய காலோடு திரும்பியவர் ஒருவர். வலது கெண்டைக்கால் வலியை ஓட்டத்தின் வலி என்று எண்ணி டைட்ஸ் போட்டு, தசையை அழுத்தித் தேய்க்கும் உருளையான ஃபோம் ரோலரிலும் உருட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வரும்போது அவர் மனைவிதான் கேட்டிருக்கிறார், "என்னங்க, ரெண்டு காலும் ஒரே மாதிரி இல்லையே?"

ஓடிய வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், நாளாக நாளாகக் குறையும். இவருக்கு ஒரு கால் மட்டும், தொட்டால் சூடு, வலி கூடிக்கொண்டே போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு மேடு துருத்தும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே டேப்பைச் சுற்றினேன். இடது 37, வலது 41. அதற்குமேல் நான் அந்தக் காலைத் தொடவில்லை, தேய்க்கவும் விடவில்லை. ஆழ்சிரையில் ரத்தக்கட்டு இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அப்படியே ஆட்டோ பிடித்து, சிரையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினேன். கட்டு இருந்தது. மருந்து அன்று மாலையே தொடங்கினார்கள். மூச்சு வாங்கியிருந்தாலோ நெஞ்சு வலித்திருந்தாலோ ஆட்டோகூட இல்லை, 108தான்.