பட்டை கட்டுன கையும் கட்டாத கையும்

பெருந்துறைப் பக்கம் தறி ஓட்டுற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாருங்க. "அண்ணா, தைப்பூசத்துக்குப் பழனி நடக்கலாம்னு கீழ்பவானி வாய்க்கா மேட்டுல தெனமும் நடக்கறேன், மொத வாரம் மூணு கிலோமீட்டர்லயே கெண்டக்கால் கல்லாட்டம் ஆயிருச்சு, ரெண்டே மாசம், இப்ப பன்னண்டு போறேன், உள்ள என்னதானுங்ணா மாறுச்சு?"

இதயம் பலமாயிருச்சும்பாங்க எல்லாரும். தப்பில்லீங்க. சும்மா உக்காந்திருந்தா நிமிசத்துக்கு 5 லிட்டர் ரத்தம் சுத்துது, உசுரக் குடுத்து ஓடுனா 20, 25 லிட்டர், அதுல 80 சதவீதத்துக்கு மேல தசைக்கே போயிருது. பழக்கமான இதயம் ஒரு துடிப்புக்கு எச்சாத் தள்ளும், அதனால பல்ஸ் கொறையும். தசைக்குள்ள புதுசா தந்துகிங்கற மயிரிழை ரத்தக்குழாய் முளைக்கும், செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா பெருகும். இதெல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க.

எனக்கு நெம்பப் புடிச்சது ரத்தக்குழாய்தான். அத வெறும் பைப்புன்னு நெனச்சுட்டிருக்கோம், ஆனா அதோட உள்சுவத்துல ஒரே ஒரு அடுக்கு செல்லு ஒட்டியிருக்கு பாருங்க, எண்டோதீலியம்னு பேரு, அதுக்கு ரத்தம் ஒரசிட்டுப் போறது தெரியும். நெசமாவே தெரியும், ஓட்டம் போற திசையிலயே அந்த செல்லெல்லாம் நீட்டமாப் படுத்துக்கும். நீங்க வேகமா நடக்க நடக்க ஒரசல் எச்சாகுது, ஒடனே அந்த செல்லு நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவ விடுது, வண்டிப் பொகையில வருதே அதே வாயுதான், சில செகண்டுதான் உசுரோட இருக்கும், அதுக்குள்ள பக்கத்துல இருக்கற தசை அடுக்குக்குள்ள பூந்து "புடிய விடு"ன்னு சொல்லிருது, குழாய் விரிஞ்சுருது. கொஞ்சோண்டு விரிஞ்சா என்ன ஆயிரப் போகுதுன்னு நெனைக்காதீங்க. சீரா ஓடற ஓட்டத்துக்கு ஆரத்தோட நாலாம் அடுக்குதான், அதாவது ஆரம் × ஆரம் × ஆரம் × ஆரம்தான் கணக்கு, அழுத்தம் மாறாம ஆரம் 10 சதவீதம் கூடுனா ஓட்டம் 46 சதவீதம் கூடிரும்.

இது தெரிய வந்ததே ஒரு கைப்பிசகாலதாங்க. 1978ல அமெரிக்காவுல ராபர்ட் ஃபர்ச்காட்னு ஒருத்தரோட லேப்ல உதவியாளர் ஸ்டெப்ப மாத்திப் பண்ணிட்டாரு, மருந்து விட்டதும் சுருங்க வேண்டிய முயல் ரத்தக்குழாய் விரிஞ்சுருச்சு. நோண்டிப் பாத்தா, அதுவரைக்கும் குழாய வெட்டித் தயார் பண்றப்பவே உள்சுவத்து செல்லயெல்லாம் தெரியாமத் தேய்ச்சு எடுத்துட்டிருந்திருக்காங்க! செல்லு இல்லாத குழாய் சுருங்குச்சு, இருந்தது விரிஞ்சுது. 1998ல இன்னும் ரெண்டு பேரோட சேந்து நோபல் பரிசு. முயல் குழாய விரிச்சுப் பாக்கறேன், காசு குடுங்கன்னு இன்னைக்கு நம்மூர்ல ஒருத்தர் போய்க் கேட்டா, இதால என்னுங்க பிரயோஜனம்னுதான் மொதல்ல கேப்பாங்க.

சரி, ஒரசல்தான் காரணம்னு மனுசங்ககிட்ட எப்படிக் காட்டறது? இங்கிலாந்துல லிவர்பூல்ல டேனியல் கிரீன்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு பண்ணுன சோதனை 2010ல வெளிவந்துச்சு, எனக்கு அது கோயில் மாதிரி. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி புடிச்சு அமுக்கற பயிற்சி, 8 வாரம். ஒரு கையில மட்டும் பிபி பாக்கற பட்டையக் கட்டி லேசாக் காத்தடிச்சு ஓட்டத்தக் கொறைச்சுட்டாங்க. அதே ஆளு, அதே இதயம், அதே வேலை. பட்டை இல்லாத கையோட குழாய் நல்லா விரியப் பழகுச்சு, பட்டை கட்டுன கை அப்படியே நின்னுருச்சு. உழைச்சா மட்டும் பத்தாது, ரத்தம் ஒரசோணும்.

இன்னொன்னு கேளுங்க. மாசக்கணக்குல நடந்தீங்கன்னா குழாயே நெரந்தரமாக் கொஞ்சம் பெருசாயிரும். பெருசானா ஒரசல் கொறையும், அப்பறம் வாயுவ அவ்வளவு விட வேண்டியதில்ல. வாய்க்காக்குக் கான்கிரீட் போடறதா வேண்டாமான்னு நம்மூர்ல இவ்வளவு நாளாச் சண்டை, கரையே தண்ணியக் கவனிச்சுத் தன்ன அகலப்படுத்திக்கிட்டா எப்படியிருக்கும்? குழாய் அதத்தான் பண்ணுது.

போன நோம்பிக்குக் கடைவீதியில "ரத்த ஓட்டம் சீராகும்"னு காந்தம் வெச்ச செருப்ப 900 ரூவாக்கு என்ற மாமன் வாங்கிட்டு வந்தாரு. ஒரு நாளு அதப் போட்டுட்டுத் தோட்டத்துக்கு நடந்து போயிட்டு வந்து "பாத்தியா மாப்ள, கால் சூடாகுது"ன்னாரு. நடந்தீங்கல்லங் மாமா, அதான்னேன். ரெண்டு நாளு பேசல.

தம்பி கடைசியா, பழனி போயிட்டு வந்து நிறுத்திட்டா என்ன ஆகும்னும் கேட்டிருந்தாரு. 1966ல அமெரிக்காவுல டல்லஸ்ல அஞ்சு எளவட்டப் பசங்கள 20 நாளு கட்டில்லயே படுக்க வெச்சாங்க, ஒடம்பு ஆக்ஸிஜன உபயோகிக்கற உச்ச அளவு கால்வாசிக்கு மேல எறங்கிருச்சு. 30 வருசம் கழிச்சு அதே அஞ்சு பேர வரச்சொல்லி அளந்தா, வயசானதால வந்த எறக்கம் அந்த 20 நாளு எறக்கத்த விடக் கம்மி. பூசம் முடிஞ்சாலும் வாய்க்கா மேடு அங்கயேதான் இருக்கும் தம்பி.