விலை குறைக்க எதை வெட்டுகிறீர்கள்?

"ஒரு பொலிஸ் டிக்கட் இல்லை, ஒரு அக்சிடன்ட் இல்லை. பிறகு ஏன் தம்பி கட்டணம் கூடியிருக்கு?" வாகனக் காப்புறுதி புதுப்பிக்கும் கடிதம் போனால் அடுத்த நாளே டொரொண்டோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் காப்புறுதி அலுவலகத்தில் இந்தக் கேள்விதான். அதற்கு அடுத்தது, "தேவையில்லாததை வெட்டிவிட்டுக் குறைச்சுத் தாங்கோ."

2026 ஜூலை 1 முதல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வெட்டுவதற்கு நிறையவே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே 1990இலிருந்து நடப்பது 'நோ ஃபோல்ட்' முறை. பிழை யாருடையதாக இருந்தாலும் காயப்பட்டவருக்கு அவருடைய சொந்தக் காப்புறுதிக் கம்பனியே சிகிச்சைச் செலவும் வருமான இழப்பும் கொடுக்கும். வழக்குகள் குறையும், செலவும் அடங்கும் என்று நினைத்தார்கள். அடங்கவில்லை. அரசு நியமித்த டேவிட் மார்ஷல் 2017இல் கொடுத்த அறிக்கை, விபத்து விகிதம் மிகக் குறைந்த மாகாணங்களில் ஒன்றில் கனடாவிலேயே அதிகக் கட்டணம் வாங்கப்படுகிறது என்றது. நலன்களுக்கான, அதாவது இந்தக் கொடுப்பனவுகளுக்கான, செலவில் மூன்றில் ஒரு பங்களவு சிகிச்சைக்கே போகவில்லை. இரு தரப்பு மருத்துவ அறிக்கைகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் போனது.

ஆனால் சீர்திருத்தம் என்று வந்தபோதெல்லாம் கை வைத்தது காயப்பட்டவரின் பங்கில். 2010இல் சிறு காயங்களுக்கு 3,500 டொலர் என்று உச்சவரம்பு போட்டார்கள். அதைவிடப் பெரிய, ஆனால் பேரிழப்பு என்று கணிக்கப்படாத காயங்களுக்கான மருத்துவத் தொகை ஒரு லட்சத்திலிருந்து 50,000 ஆனது. 2016இல் பராமரிப்பாளர் செலவையும் அதற்குள் சேர்த்து மொத்தமே 65,000 என்றார்கள். இடையில் 2013இல் கட்டணத்தை 15 வீதம் குறைப்போம் என்ற வாக்குறுதியும் வந்தது. சொன்ன காலத்தில் அது நடக்கவில்லை.

இப்போதைய மாற்றத்தில் மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பு ஆகியவை மட்டுமே கட்டாயம். வருமான இழப்புக் கொடுப்பனவு, இறப்பு மற்றும் ஈமச்சடங்குக் கொடுப்பனவு போன்றவை நீங்கள் விரும்பினால் மட்டும்.

வருமான இழப்பை மட்டும் கொஞ்சம் பாருங்கள். மொத்தச் சம்பளத்தில் 70 வீதம், ஆனால் வழமையான அளவில் எடுத்தால் கிழமைக்கு 400 டொலருக்கு மேல் இல்லை. கிழமைக்கு 1,000 டொலர் உழைக்கும் வெயார்ஹவுஸ் தொழிலாளிக்குக் கணக்குப்படி 700 வரவேண்டும், கையில் வருவது 400. அதையும் வெட்டினால் பூச்சியம். ஸ்காபரோவில் வீட்டு வாடகை தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. வேலையிடத்தில் நீண்டகால இயலாமைக் காப்புறுதி உள்ளவர் இதை விடுவது பற்றி யோசிக்கலாம். ஊபர் ஓட்டுபவர், ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர், சொந்தமாகப் பெயின்ட் வேலை செய்பவர் விடவே கூடாது என்பது என் கருத்து. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இன்னொன்று: வரியில் காட்டாத காசு இந்தக் கணக்கில் வராது.

பலருக்குத் தெரியாத பகுதி இது. விருப்பத்துக்குரிய நலன்கள் காப்புறுதிதாரருக்கும் துணைவருக்கும் தங்கிவாழ்வோருக்கும் பொலிசியில் பெயர் உள்ள சாரதிகளுக்கும்தான். உங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற, கார் இல்லாத மாணவன் வேலை முடிந்து வரும்போது வீதியில் அடிபட்டால் சிகிச்சை கிடைக்கும், நின்றுபோன சம்பளத்துக்கு அந்த முறையில் ஒன்றும் கிடைக்காது. பிழை செய்த சாரதிமேல் வழக்குப் போடலாம்தான், அதற்குக் காலம் எடுக்கும்.

கட்டணம் ஏறுவதில் எங்கள் சனத்தின் பங்கும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. சில கிளினிக்குகளில் நிரப்பாத ஓசிஎஃப்-18 படிவத்தில் (சிகிச்சைத் திட்டத்துக்குக் கம்பனியிடம் அனுமதி கேட்கும் படிவம்) கையெழுத்து வாங்கி வைப்பார்கள். பிறகு நீங்கள் போகாத நாட்களுக்கும் பில் போகும். அந்தக் காசு உங்கள் 65,000இலிருந்துதான் கழியும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், எத்தனை டொலர் எதற்கு என்று கேட்டுப் பிரதி ஒன்றை வாங்குங்கள்.

புரோக்கரிடம் பேசும்போது ஒவ்வொரு நலனையும் விட்டால் எவ்வளவு குறையும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால், எழுத்தில் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.