கடைசிக் குழாயில் எவ்வளவு குளோரின்?

ஒரு பெரிய கட்டடத்தில் அதிகம் கவலைப்பட வேண்டிய தண்ணீர், நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் இல்லை. ஆளில்லாத அறையின் ஷவரிலும், யாரும் திறக்காத வாஷ்பேசின் குழாயிலும் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறதே, அந்தத் தண்ணீர்தான் கவலைக்குரியது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்பட்டபோது அதில் குளோரின் இருந்தது. கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அளந்தபோதும் இருந்திருக்கும். கடைசிக் குழாயை எட்டியபோது எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் கேள்வி.

தண்ணீரில் கலந்த நொடியிலிருந்தே குளோரின் செலவாகத் தொடங்கிவிடுகிறது. கரிமப் பொருள், துரு, குழாயின் உட்சுவரில் படிந்த வழவழப்பான படலம் என்று எதிர்ப்படும் எல்லாவற்றோடும் அது வினைபுரிகிறது. தண்ணீர் சூடாக இருந்தால் செலவு இன்னும் வேகமாகும். இவ்வளவும் போக மிஞ்சுவதே எஞ்சிய குளோரின். தண்ணீர் மக்களிடம் சேரும் இடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

அந்தச் சிறிய அளவுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒரு ஹோட்டலில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து கடும் நிமோனியா பரவியது. 221 பேர் நோயுற்றார்கள், 34 பேர் இறந்தார்கள். காரணம் அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியா என்று 1977 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதுதான் லெஜியோனெல்லா. இந்த நோய் பெரும்பாலும் தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை. ஷவர், நீரூற்று, ஏசியின் குளிர்விப்புக் கோபுரம் போன்றவற்றிலிருந்து பறக்கும் நுண்துளிகளை மூச்சோடு இழுப்பதால் வருகிறது. முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் ஆபத்து மிகவும் அதிகம். மருத்துவமனைகள் தங்கள் குழாய்களைப் பற்றி மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியிருப்பது இதனால்தான்.

லெஜியோனெல்லா 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில் நன்றாகப் பெருகும். 20 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ முடங்கிக் கிடக்கும். 60 டிகிரியில் சில நிமிடங்களில் பெருமளவு மடியும். ஆனால் தண்ணீரில் அது தனியாகத் திரிவதில்லை. குழாயின் படலத்தில் மேயும் அமீபா அதை விழுங்குகிறது. விழுங்கப்பட்ட பாக்டீரியா செரிமானம் ஆகாமல், அமீபாவுக்குள்ளேயே பெருகிக் கடைசியில் அதை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அமீபா தடித்த கூடாக உருமாறினால், உள்ளே இருப்பவற்றைக் குளோரின் எளிதில் எட்டாது. ஆகவே குளோரினை ஒரு நாள் அள்ளிக் கொட்டிவிட்டு ஒரு மாதம் மறந்துவிட்டால் பயனில்லை. குறைந்த அளவானாலும் நாள் தவறாமல், எல்லா முனைகளிலும் இருந்தாக வேண்டும்.

குளோரின் எவ்வளவு இருக்கிறது என்பதோடு அது எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். தண்ணீரில் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் பிரிந்து நிற்கிறது. கிருமியைக் கொல்வதில் அமிலம் பல மடங்கு வலியது. தண்ணீர் அமிலத்தன்மை கொண்டதா காரத்தன்மை கொண்டதா என்று சொல்லும் காரகாடித்தன்மை எண் (pH) 7.5 அளவில் இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. 8.5 ஆனால் அமிலத்தின் பங்கு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். குளோரினை அளக்கும் மீட்டர் அதே அளவைத்தான் காட்டும். கிருமி மட்டும் பிழைத்துக்கொள்ளும். அதனால் காரகாடித்தன்மை எண்ணையும் உடன் குறிக்காத குளோரின் பதிவேட்டைப் பாதிப் பதிவேடு என்றே நான் சொல்வேன்.

அளக்கும் முறை எளியது. சிறிய கண்ணாடிக் குப்பியில் 10 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, மீட்டரில் வைத்துப் பூஜ்ஜியமாக்க வேண்டும். பிறகு டிபிடி என்ற பொடியைப் போட்டுக் கலக்கினால், குளோரின் இருக்கும் அளவுக்கு இளஞ்சிவப்பு நிறம் எழும். மீட்டர் அதன் வழியே பச்சை ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்க்கிறது. ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். தாமதித்தால் அம்மோனியாவோடு பிணைந்த குளோரினும் மெல்ல நிறம் கொடுத்து அளவை ஏற்றிக் காட்டும். விரல் ரேகையும் காற்றுக் குமிழியும்கூடக் கணக்கைக் கெடுக்கும்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால், தோன்றிய இளஞ்சிவப்பை அந்தக் குளோரினே வெளுத்துவிடும். குப்பி தெளிவாக இருக்கும், மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். குழாய்களைக் கழுவுவதற்காக அதிக அளவு மருந்து கலந்த நாளில், இதைப் பார்த்து "குளோரினே இல்லை" என்று நினைப்பவர் மேலும் ஊற்றுவார். பொடி விழுந்த கணத்தில் ஒரு நிறம் மின்னி மறைந்ததா என்று கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் குளோரின் இல்லாத தண்ணீரைச் சேர்த்து மாதிரியை நீர்த்து மறுபடியும் சோதிக்க வேண்டும்.

எங்கே அளக்கிறோம் என்பதில்தான் கண்காணிப்பின் உயிர் இருக்கிறது. நுழைவிடத்துக்குப் பக்கத்தில் வசதியான ஒரு குழாயில் தினமும் அளந்து எழுதுவதால் கட்டடத்தைப் பற்றி அதிகம் தெரியாது. ஒவ்வொரு கிளையிலும் மிகத் தொலைவான குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திறந்தவுடன் வரும் முதல் தண்ணீரில் ஒரு முறை, சில நிமிடங்கள் ஓடவிட்டபின் ஒரு முறை என இரண்டு அளவுகள் தேவை. முதல் அளவு குறைவாகவும் அடுத்தது நன்றாகவும் இருந்தால், தண்ணீர் அந்தக் குழாயடியிலேயே தேங்கியிருந்திருக்கிறது. இரண்டுமே குறைவு என்றால் கோளாறு கிளையிலோ தொட்டியிலோ இருக்கிறது. அளவு மேலேற நீண்ட நேரம் ஓடவிட வேண்டியிருந்தால், குழாயின் குறுக்களவு தேவைக்கு அதிகம் அல்லது பயன்பாடு மிகக் குறைவு. கூடவே வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். வெப்பமான பகுதிகளில் "குளிர்ந்த நீர்" குழாயிலேயே 25 டிகிரிக்கு மேல் ஓடும். அங்கே குளிர்ச்சி துணைக்கு வராது. முழுச் சுமையும் குளோரின் மீதே விழும்.

சுடுநீருக்கு வேறு கணக்கு. தொட்டியில் 60 டிகிரியும், சுற்றித் திரும்பும் குழாயில் குறைந்தது 50 டிகிரியும் இருந்தால் வெப்பமே காவல். ஆனால் தோல் வெந்துவிடாமல் இருக்கக் குளிர்ந்த நீரைக் கலக்கும் வால்வுக்குப் பிறகு வருவது மறுபடியும் வெதுவெதுப்பான தண்ணீர். வால்வுக்கும் ஷவர் தலைக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அளவு விழுந்ததும் மருந்தைக் கூட்டுவது பலரும் செய்வது. அது பெரும்பாலும் தவறான முதல் படி. மிகையான குளோரின் உலோகத்தை அரிக்கும், கரிமப் பொருளோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத சேர்மங்களை உருவாக்கும். குளோரினை எது தின்கிறது என்று முதலில் தேட வேண்டும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014இல் நீர் ஆதாரம் மாற்றப்பட்டபின், அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கப்படாத ஆற்றுநீர் குழாய்களை அரித்தது. கரைந்த இரும்பு குளோரினைத் தீர்த்தது. 2014, 2015 ஆண்டுகளில் அங்கே பரவிய லெஜியோனெல்லா நிமோனியாவில் குறைந்தது 12 பேர் உயிரிழந்தார்கள். குளோரின் குறைந்துபோனது அதற்கு ஒரு முக்கியக் காரணமாக ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது.

ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையும் தேவைதான். மாதிரி எடுக்கும் புட்டியில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் போட்டு வைத்து, குளோரினை அங்கேயே முறிக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வகம் போகும் வழியிலும் குளோரின் வேலை செய்து, குழாயில் உயிரோடு இருந்த கிருமி புட்டியில் காணாமல் போகும். லெஜியோனெல்லா மெதுவாக வளர்வதால் முடிவு வர 10 நாள் வரை ஆகலாம். அதற்குள் அந்த ஷவரில் எத்தனையோ பேர் குளித்திருப்பார்கள். டிபிடி சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். கடைசிக் குழாயின் எண் மூன்று வாரங்களாக 0.5, 0.4, 0.2 என்று இறங்கிக்கொண்டு வந்தால், ஆய்வக அறிக்கைக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அந்தக் கிளையைத் திறந்து ஓடவிட்டு, தேங்கும் இடத்தைத் தேட வேண்டும். எங்கும் போய்ச் சேராமல் முடியும் பழைய குழாய்த் துண்டு கிடைத்தால், முதன்மைக் குழாயிலிருந்து பிரியும் இடத்திலேயே வெட்டி மூட வேண்டும்.