ஒரே மஜ்ஜையில் இரண்டு புற்றுநோய்

சிஎல்எல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட லிம்போசைட் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. மெதுவாக வளரும். பலருக்கு மருந்தே தொடங்காமல், அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துவந்தாலே போதும். அப்படி இருக்கும் ஒருவருக்கு ரத்தசோகை வந்தால் பழியைச் சிஎல்எல் மேல் போட்டுவிடலாம். ஆனால் முதுகெலும்பு அரிக்கப்பட்டு வலிக்கிறது, சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறுகிறது என்றால் கணக்கு உதைக்கிறது. இவை மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயின் வேலைகள். அரிதுதான், ஆனால் இரண்டு நோயும் ஒருவருக்கே வருவதுண்டு.

இரண்டுமே ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்லின் குடும்பத்தில் பிறப்பவை. பி செல் முதிர்ந்தால் ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல். மைலோமா அதில் வரும் புற்றுநோய். அப்படியானால் ஒன்றிலிருந்து மற்றொன்று முளைத்ததா, இல்லை தனித்தனியாகக் கிளம்பியவையா?

இதற்குத் துப்பு ஆன்டிபாடியில் இருக்கிறது. ஆன்டிபாடி கனமான, இலேசான புரதச் சங்கிலிகளால் ஆனது. இலேசானதில் கப்பா, லாம்டா என்று இரண்டு வகை. ஒவ்வொரு பி செல்லும் இளமையிலேயே தன் ஆன்டிபாடியின் இலேசான சங்கிலி எது என்று முடிவுசெய்துவிடும். முதலில் 2ஆம் குரோமோசோமில் உள்ள கப்பா மரபணுவை வெட்டி ஒட்டிப் பார்க்கும். சரிவராவிட்டால் 22ஆம் குரோமோசோமில் உள்ள லாம்டாவுக்குப் போகும். முதிர்ந்த பிறகு பொதுவாக மாற்றம் கிடையாது, வாரிசுகளுக்கும் அதேதான். ஆரோக்கியமான மஜ்ஜையில் இரு வகையும் கலந்திருக்கும். ஒரே செல்லிலிருந்து பெருகிய புற்றுநோயில் எல்லாம் ஒரே வகை.

மஜ்ஜை மாதிரியில் ஒளிரும் சாயங்களைச் சேர்த்து, ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியின் லேசர் முன்னால் செல்களை ஒவ்வொன்றாக ஓடவிடுவார்கள். செல்லின் மேலுள்ள அடையாளப் புரதங்களில் சிடி5, சிடி19, சிடி23 மூன்றும் ஒளிர்ந்தால் சிஎல்எல் கூட்டம். சிடி38, சிடி138 என்றால் பிளாஸ்மா செல்கள். பிளாஸ்மா செல்லில் சங்கிலி பெரும்பாலும் உள்ளே இருப்பதால், சவ்வைத் துளைத்துச் சாயத்தை அனுப்ப வேண்டும். முதல் கூட்டம் கப்பா, அடுத்தது லாம்டா என்று வந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் மூலம் வேறு வேறு.

இரண்டும் கப்பாவாக இருந்தால்? அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்போது 14ஆம் குரோமோசோமில் உள்ள கனமான சங்கிலியின் மரபணுவைப் படிக்க வேண்டும். அதன் துண்டுகள் ஒட்டும் இடத்தில் டிஎன்ஏ எழுத்துகள் தாறுமாறாகச் சேர்வதால், இரண்டு செல்களுக்குத் தற்செயலாக ஒரே வரிசை அமைவது மிக அரிது. வரிசை ஒன்றானால் மூதாதைச் செல்லும் ஒன்றே.

சிகிச்சையில் வழக்கமாக மைலோமாவுக்குத்தான் முதலிடம். எலும்பும் சிறுநீரகமும் காத்திருக்காது. அதன் போக்கை, மைலோமா செல்கள் சுரந்து ரத்தத்தில் சேரும் ஒரே வகை ஆன்டிபாடியான எம் புரதம் காட்டும், சிஎல்எல்லின் போக்கை லிம்போசைட் எண்ணிக்கை காட்டும். எம் புரதம் நன்றாக இறங்கியும் ரத்தசோகை மாறவில்லை, மருந்தின் பக்கவிளைவும் இல்லை என்றால், அப்புறம் சிஎல்எல் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதுதான்.